தொட்டால் கொப்புளிக்கும் தோல்: ஈபி குழந்தைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு இப்போது 13 வயது. பிறந்த அன்றே இடது காலில் முழங்காலுக்குக் கீழே தோல் இல்லாமல் செக்கச்செவேலென்று இருந்தது. நோயின் பெயர் எங்களுக்குத் தெரியவே நான்கு மாதம் ஆகிவிட்டது. இப்போது யாராவது ஒரு தோல் டாக்டர் எங்கள் நம்பரைக் கொடுத்தனுப்ப, கைக்குழந்தையோடு தவிக்கும் பெற்றோர் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, கட்டுப்போடத் தெரிந்த அப்பா. மருந்து, மருந்தளவு, ஆபரேஷன் எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

ஈபி என்றால் என்ன?

நம்மூரில் ஈபி என்றால் கரன்ட் ஆபீஸ். நோயின் பெயரைச் சொன்னதும் என் மாமா "கரன்ட்டு ஷாக்கா?" என்றுதான் கேட்டார். முழுப்பெயர் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா. லேசாக உரசினாலே தோல் கழன்று கொப்புளம் வரும் பரம்பரை நோய். 10 லட்சம் பிறப்புகளில் சுமார் 20 குழந்தைகளுக்கு இருப்பதாக அமெரிக்கக் கணக்கு ஒன்று சொல்கிறது.

கோட்டுக்கு உள்ளே லைனிங் துணி வைத்துத் தைப்பார்கள் இல்லையா? நம் மேல்தோலும் அடித்தோலும் அப்படித்தான், நுணுக்கமான புரத இழைகளால் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கின்றன. இந்தக் குழந்தைகளுக்கு அந்தத் தையல் நூல் பலவீனமாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. உரசினால் இரண்டு துணியும் தனித்தனியாக நழுவும். நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். அதுதான் கொப்புளம்.

வண்ணத்துப்பூச்சியின் இறகு போல மெல்லிய தோல் என்பதால் 'வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகள்' என்று உலகமெங்கும் சொல்கிறார்கள். என் மகளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது.

இது அம்மையா? அக்கியா? மற்ற குழந்தைகளுக்கு ஒட்டுமா?

ஒட்டவே ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம். இது கிருமியால் வருவதில்லை, மரபணுவில் உள்ள பிழையால் வருவது.

அம்மை என்று நினைத்து வேப்பிலையால் வருடிவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் நடந்தது. வேப்பிலையின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். அது பட்ட கோடெல்லாம் மறுநாள் கொப்புளமாக எழுந்தது. அக்கி எழுதுவதற்குக் காவி பூசுவதும் வேண்டாம், காய்ந்து ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது தோலையும் பெயர்த்துக்கொண்டு வரும். கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததால் என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சக்தியை வீணாக்காதீர்கள்.

எங்கள் குழந்தைக்கு எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரிய வகைகள் நான்கு. எந்த ஆழத்தில் தோல் பிரிகிறது என்பதுதான் வித்தியாசம்.

மேலேயே பிரிவது சிம்ப்ளெக்ஸ். பெரும்பாலானவர்களுக்கு இதுதான். கொப்புளம் ஆறினால் பொதுவாகத் தழும்பு இருக்காது. லேசான சிம்ப்ளெக்ஸ் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் வரும். குழந்தை நடக்க ஆரம்பிக்கும்போதோ, பள்ளியில் ஓட ஆரம்பிக்கும்போதோதான் வெளியே தெரியும். ராணுவத்தில் சேர்ந்து அணிவகுப்பு நடந்த பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்கள்கூட உண்டு. அப்பா 'எனக்கும் சின்ன வயசில் கால் கொப்புளிக்கும்' என்பார், அதுவே ஒரு துப்பு. வெயிலும் வியர்வையும் இதற்குப் பகை, கத்திரி வெயிலில் படாதபாடு படுத்தும்.

இரண்டு தோலும் சேரும் இடத்திலேயே பிரிவது ஜங்ஷனல். இதில் கடுமையான வகை மிகவும் கொடியது, அந்தக் குழந்தைகளில் பலர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அதற்குக் கீழே, ஆழத்தில் பிரிவது டிஸ்ட்ரோபிக், என் மகளுக்கு இருப்பது. ஏழாம் வகைக் கொலாஜன் என்ற புரதம் இல்லாததாலோ பழுதாக இருப்பதாலோ வருவது. புண் ஆறினாலும் தழும்பாகும். நான்காவது கிண்ட்லர், மிக அரிது.

கண்ணால் பார்த்து வகையை உறுதியாகச் சொல்ல முடியாது, அனுபவசாலி டாக்டருக்கும் பிறந்த குழந்தையில் கஷ்டம். தோலை லேசாகத் தேய்த்துப் புதிதாக உண்டாக்கிய கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, ஒளிரும் சாயம் வைத்துப் பார்ப்பார்கள். பழைய கொப்புளத்தில் எடுத்தால் முடிவு குழம்பும். எங்களுக்கு முதல் முறை அப்படித்தான் வீணானது. அப்புறம் மரபணுப் பரிசோதனை, குழந்தையின் ரத்தத்தோடு அப்பா அம்மா ரத்தமும் கொடுத்தால் நல்லது. பணம் அதிகம் என்று தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடாதீர்கள் என்பேன். வகை தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரியும். அடுத்த குழந்தையைப் பற்றிய முடிவும் அதில்தான் இருக்கிறது.

சொந்தத்தில் கட்டியதால்தான் வந்ததா?

நான் கட்டியது என் அத்தை மகளை. அதனால் இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

சிம்ப்ளெக்ஸ் பெரும்பாலும் ஒரே ஒரு பிழையான மரபணுவால் வருகிறது. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரலாம், புதிதாகவும் தோன்றலாம். சொந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டிஸ்ட்ரோபிக்கிலும் ஒரு வகை அப்படித்தான். ஆனால் ஜங்ஷனலுக்கும் கடுமையான டிஸ்ட்ரோபிக்குக்கும் இரண்டு பக்கமும் பிழை வர வேண்டும். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அந்தப் பிழை எனக்கும் என் மனைவிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் இருவர் தோலுக்கும் எந்தக் குறையும் இல்லை, ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் சொந்தத்தில் மணமுடித்தவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகள் நன்றாகவே இருக்கிறார்கள். முறைப்பெண்ணைக் கட்டியது யாருடைய பாவமும் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு ஈபி குழந்தை பிறந்த பிறகும் அடுத்த தலைமுறைக்கு அதே முறையில் பெண் கேட்டு வந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். இருந்ததும் இல்லை.

கைக்குழந்தையை எப்படித் தூக்குவது?

அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. குழந்தையை ஒருக்களித்து, பிட்டத்தின் கீழ் ஒரு கை, தலைக்கும் கழுத்துக்கும் கீழ் ஒரு கை வைத்து, பழையபடி உங்கள் கைமேல் மல்லாக்கத் திருப்பித் தூக்குங்கள். மெத்தென்ற ஒரு விரிப்போடு சேர்த்துத் தூக்குவது இன்னும் நல்லது. நேராக அழுத்துவதைத் தோல் ஓரளவு தாங்கும், இழுப்பதையும் உரசுவதையும்தான் தாங்காது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நம் வீடுகளில் பிரியத்தோடு செய்யும் பல காரியங்கள் இந்தக் குழந்தைக்கு ஆகாது. எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டு உருவிக் குளிப்பாட்டுவது, மூக்கைப் பிடித்துவிடுவது, அரைஞாண் கயிறு, கொலுசு, வசம்பு வளையல், கறுப்புக் கயிறு எதுவுமே வேண்டாம். என் அம்மா பதினாறாம் நாள் ஆசையாகக் கட்டிய அரைஞாணை மறுநாள் கழற்றியபோது இடுப்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தோல் இல்லை. அம்மா அதற்கப்புறம் ஆறு மாதம் குழந்தையைத் தொடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. தொடக் கூடாத குழந்தை இல்லை அவள், எப்படித் தொடுவது என்று கற்றுக்கொள்ள வேண்டிய குழந்தை.

சட்டையைத் திருப்பிப் போட்டுவிடுங்கள், தையல் வெளியே இருக்கட்டும். கழுத்துப் பட்டி லேபிளை வெட்டிவிடுங்கள். டயப்பரின் எலாஸ்டிக் ஓரத்தையும் வெட்டிவிட்டு உள்ளே மெல்லிய துணி வையுங்கள்.

கொப்புளத்தை உடைக்கலாமா?

உடைக்கத்தான் வேண்டும். 'தானாக அடங்கட்டும்' என்ற பொதுவான அறிவுரை இங்கே செல்லாது. ஈபி கொப்புளம் விட்டால் பரவிக்கொண்டே போகும், நெல்லிக்காய் அளவில் தொடங்கியது ராத்திரிக்குள் உள்ளங்கை அளவாகும்.

புதிதாகப் பிரித்த ஊசியால் கொப்புளத்தின் தாழ்வான பக்கத்தில் குத்தி, மறுபுறம் வெளியே வரும்படி இரண்டு துளை போடுங்கள். சுத்தமான துணியால் மெதுவாக அழுத்தினால் நீர் வடியும். மேலே இருக்கும் தோலைப் பிய்க்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு கடையில் கிடைக்காது. முதல் தடவை என் கை நடுங்கியது, நர்ஸ் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இப்போது அவளே தனக்குக் குத்திக்கொள்கிறாள்.

கட்டு மாற்றும்போது குழந்தை துடிக்கிறது. என்ன செய்வது?

எங்கள் வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டரை மணி நேரம். பள்ளி நாளில் காலை நான்கு மணிக்கே தொடங்கிவிடுவோம்.

டாக்டர் எழுதிய வலி மருந்தை அரைமணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். அழ ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பயனில்லை. ஒட்டிக்கொண்ட கட்டைப் பிய்த்து எடுக்கவே கூடாது, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஊறவிட்டு, தானாக நழுவும்வரை காத்திருங்கள். வெறும் தண்ணீர் எரியும். 10 லிட்டருக்கு 90 கிராம் உப்பு கலந்தால் உடம்பு நீரின் உப்பளவு வந்துவிடும், எரிச்சல் நன்றாகக் குறையும். இதை முதல் வருடமே யாராவது சொல்லியிருந்தால் குளியல் என்றதும் அவள் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்க மாட்டாள்.

ஒரு காலைப் பிரித்து, கழுவி, கட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த காலைப் பிரிக்க வேண்டும். மொத்த உடம்பையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் குளிரும் வலியும் சேர்ந்துகொள்ளும். அளவு பார்த்து எல்லாவற்றையும் முதல்நாளே வெட்டி வையுங்கள். புண்மேல் சிலிக்கான் பூசிய, ஒட்டாத வலைத்துணி. அதன்மேல் நீர் உறிஞ்சும் பஞ்சணை. அதன்மேல் சுற்றுத்துணி. பிளாஸ்டர் கிடையாது. சுற்றுத்துணி நழுவாமல் இருக்கக் குழாய் வடிவ வலையை மாட்டிவிடலாம்.

டெட்டால், ஸ்பிரிட், மஞ்சள், சாம்பல், பேனா மை எதுவும் புண்ணில் படக் கூடாது. கட்டில் பச்சை படிந்து ஒருவித இனிப்பு நாற்றம் வந்தாலோ, சுற்றிலும் சூடாகச் சிவந்து காய்ச்சல் கண்டாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். ஆன்டிபயாட்டிக் களிம்பை நீங்களாக மாதக்கணக்கில் தடவாதீர்கள், அப்புறம் தேவைப்படும்போது அது வேலை செய்யாது.

யார் கட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். சில வருடம் நான் மட்டுமே கட்டினேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே அழுவாள். அதனால் இப்போது இருவரும் மாறிமாறிச் செய்கிறோம். 'போதும், நிறுத்து' என்று அவள் சொன்னால் இரண்டு நிமிடம் நிறுத்திவிடுவோம். நேரம் கூடும், பரவாயில்லை.

வாழை இலையில் படுக்க வைக்கலாமா?

கேலியான கேள்வி இல்லை. நம் நாட்டில் தீக்காய வார்டுகளில் வாழை இலைக் கட்டைப் பயன்படுத்தி, ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார்கள். இலை வழவழப்பானது, குளிர்ச்சியானது, புண்ணில் ஒட்டாது, மலிவானது. ஆனால் அங்கே அதை நீராவியில் கிருமி நீக்கித்தான் வைப்பார்கள். தோட்டத்திலிருந்து அறுத்து அப்படியே புண்மேல் போடக் கூடாது, நடுநரம்பும் குத்தும். சிலிக்கான் கட்டு வாங்க வழியில்லாத மாதத்தில் என்ன செய்யலாம் என்று உங்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டால் வழி சொல்வார்கள்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறாள். அடமா?

அடமில்லை. வாய்க்குள்ளும் உணவுக்குழாயிலும் கொப்புளம் வரும். டிஸ்ட்ரோபிக்கில் அது தழும்பாகிக் குழாயே சுருங்கிவிடும். என் மகள் ஏழு வயதில் இட்லியை மெல்லுவதற்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ஒருநாள் தண்ணீரே இறங்கவில்லை. உணவுக்குழாய்க்குள் சின்னப் பலூன் விட்டு விரித்தார்கள், அன்று சாயங்காலமே ரசம் சாதம் கேட்டாள். சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டிவரும்.

முறுக்கு, அப்பளம், முள் மீன், சூடான எதுவும் வேண்டாம். குழைந்த பொங்கல், கேழ்வரகுக் கூழ், முட்டை, கடைந்த பருப்பு, வெண்ணெய் எல்லாம் ஆறியபின் கொடுங்கள். புண் ஆற்றுவதற்கே உடம்புக்கு நிறையப் புரதமும் கலோரியும் தேவை, அதனால் மற்ற பிள்ளைகளைவிட இவளுக்கு அதிகம் வேண்டும். ரத்தசோகை கிட்டத்தட்ட எல்லாக் கடுமையான ஈபியிலும் வரும், ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். மலச்சிக்கலை யாரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். போகும்போது வலிப்பதால் குழந்தை அடக்கும், அடக்குவதால் பசி போகும். மலமிளக்கியைத் தினசரி மருந்தாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

விரல்கள் ஒட்டிக்கொள்கின்றனவே?

கடுமையான டிஸ்ட்ரோபிக்கில் விரலிடுக்குகளில் தழும்பு வளர்ந்து கை ஒரு மூடிய உறை மாதிரி ஆகிவிடும். சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்றி, இடுக்கில் துணி கொடுத்து வைத்தால் தள்ளிப்போடலாம். ஆபரேஷன் செய்து பிரிக்கலாம், ஆனால் சில வருடங்களில் பெரும்பாலும் திரும்பவும் ஒட்டும். தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

தடுப்பூசி போடலாமா?

கட்டாயம் போடுங்கள். தேய்த்துத் துடைக்காமல் ஒற்றித் துடைக்கச் சொல்லுங்கள், பிளாஸ்டர் ஒட்டவிடாதீர்கள்.

வேறு ஆஸ்பத்திரியில் போய் என்ன சொல்ல வேண்டும்?

ஈபி பார்த்த நர்ஸ் அபூர்வம். அது அவர்கள் குற்றமில்லை. மகள் பிறந்த ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஊசியை எடுக்கும்போது பிளாஸ்டரை இழுத்தார்கள், புறங்கைத் தோல் கையுறை மாதிரி கூடவே வந்தது. அதனால் ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்: 'பிளாஸ்டர் வேண்டாம். பி.பி. பட்டைக்கு அடியில் பஞ்சு சுற்றவும். ஊசியைச் சுற்றுத்துணியால் கட்டவும். ஈ.சி.ஜி. ஸ்டிக்கரை ஒட்ட வேண்டாம். மேசைமேல் இழுத்து நகர்த்த வேண்டாம்.' படுக்கைமேல் தொங்கவிட்டுவிடுவேன். சில டாக்டர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பள்ளிக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். பெஞ்சில் மெத்தை, தண்ணீர் பாட்டிலுக்கு எளிய மூடி, இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வெளியே விடுவது என இவ்வளவுதான் நாங்கள் கேட்டது. வகுப்புத் தோழர்களிடம் ஆசிரியை முதல் நாளே 'இது ஒட்டாது, இடிக்காமல் விளையாடுங்கள்' என்று சொல்லிவிட்டார். கை விரல்கள் பாதித்திருந்தால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் தேர்வில் எழுதித்தர ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம்.

வயசுக்கு வரும்போது?

இதை மனைவி சொல்ல நான் எழுதுகிறேன். கடுமையான ஈபியில் உடம்பு தேறாததால் பருவமடைவது தள்ளிப்போகலாம், டாக்டரிடம் சொல்லிவையுங்கள். நாப்கின் ஓரம் உரசும், மெத்தென்ற பருத்தித் துணியோ ஓரத்தில் வாசலினோ உதவும். உள்ளாடையையும் தையல் வெளியே இருக்கும்படி திருப்பிப் போடலாம். அப்புறம், இந்த வயதில் கண்ணாடி பார்க்காத பிள்ளை இல்லை. 'அழகாகத்தான் இருக்கிறாய்' என்று சும்மா சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். மகள் ஒருமுறை, "பொய் சொல்லாதம்மா, கட்டை நல்ல கலர்ல சுத்து" என்றாள். இப்போது மேலே ஊதா நிறப் பட்டை.

புற்றுநோய் வரும் என்கிறார்களே?

கடுமையான டிஸ்ட்ரோபிக்கில் உண்மைதான். வருடக்கணக்கில் ஆறாத புண்ணில் ஒருவகைத் தோல் புற்றுநோய் பதின்வயதிலிருந்தே வரக்கூடும். பத்து வயதுக்கு மேல் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுத்தோலையும் டாக்டர் பார்க்க வேண்டும். ஒரு மாதம் தாண்டியும் ஆறாமல், ஓரம் தடித்து, வழக்கத்தைவிட அதிகம் வலிக்கிற புண்ணை விட்டுவைக்காதீர்கள். நாங்கள் புண்களைப் போனில் தேதி போட்டுப் படமெடுத்து வைக்கிறோம், கண் மறந்துவிடும். லேசான சிம்ப்ளெக்ஸ் குழந்தைகளின் பெற்றோர் இதைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருந்தே இல்லையா?

என் மகள் பிறந்தபோது இல்லை. இப்போது அப்படிச் சொல்ல முடியாது.

2015-இல் ஜெர்மனியில் போஹும் (Bochum) என்ற நகரத்தின் தீக்காயப் பிரிவுக்கு ஏழு வயதுச் சிரியச் சிறுவன் வந்தான், ஜங்ஷனல் வகை. உடம்பின் பெரும்பகுதியில் தோலே இல்லை. டாக்டர்கள் கைவிரிக்கும் நிலை. மீதியிருந்த நல்ல தோலில் 4 சதுர சென்டிமீட்டர் எடுத்து இத்தாலிக்கு அனுப்பினார்கள். மொடெனாவில் மிக்கேலே தெ லூக்காவின் குழு அந்தச் செல்களில் சரியான மரபணுவைச் சேர்த்து, தாள் தாளாகத் தோல் வளர்த்துத் திருப்பி அனுப்பியது. உடம்பில் சுமார் 80 சதவீதத்துக்குப் புதுத்தோல் வைத்தார்கள். பையன் பள்ளிக்குத் திரும்பினான். 2017-இல் அந்த ஆய்வு வெளிவந்த நாள் நாங்கள் இருவரும் தூங்கவில்லை.

2023 மே மாதம் அமெரிக்கா டிஸ்ட்ரோபிக்குக்கு வைஜுவெக் என்ற ஜெல்லை அனுமதித்தது. நோய் உண்டாக்காதபடி மாற்றிய ஹெர்பீஸ் வைரஸ் ஒன்று ஏழாம் வகைக் கொலாஜனுக்கான மரபணுவைச் சுமந்துகொண்டு புண்ணுக்குள் போகிறது. வாரம் ஒருமுறை சொட்டுச் சொட்டாகப் புண்மேல் விட வேண்டும். 31 பேரிடம் நடந்த சோதனையில், மருந்திட்ட புண்களில் 67 சதவீதம் ஆறு மாதத்தில் முழுதாக மூடின, வெறும் ஜெல் இட்டவற்றில் 22 சதவீதம். பூர்ச்ச மரப்பட்டைச் சாற்றிலிருந்து செய்த பில்சுவெஸ் என்ற ஜெல்லை ஐரோப்பா 2022-இலும் அமெரிக்கா 2023-இலும் அனுமதித்தன. 2025 ஏப்ரலில் நோயாளியின் சொந்தச் செல்லில் வளர்த்த தோல் தாளான செவாஸ்கினும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதில் வைஜுவெக் 2023-இல் வந்தபோது ஒரு குப்பியின் அறிவிப்பு விலை 24,250 டாலர். ஆம், ஒரு குப்பி. நம் வருமானத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். அதே நேரத்தில் 'ஸ்டெம் செல் போட்டுக் குணப்படுத்துகிறோம்' என்று லட்சங்கள் கேட்கும் கிளினிக்குகளிடம் ஏமாறாதீர்கள். ஒரு குடும்பம் நிலத்தை விற்றே போயிருக்கிறது. வகையை மரபணுவரை உறுதி செய்து அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். இந்த மருந்துகள் எல்லாம் வகையைப் பார்த்துத்தான் தரப்படுகின்றன. டெப்ரா இந்தியா போன்ற நோயாளிகள் அமைப்பில் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்த குழந்தை?

முதல் குழந்தையின் மரபணுப் பிழை தெரிந்திருந்தால் கர்ப்பத்தின் 11-ஆம் வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துச் சொல்ல முடியும். தெரியாவிட்டால் எதையும் தேட முடியாது. கருவுறுவதற்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். எங்கள் மகனுக்குச் சோதித்தோம். அவன் என்னைப் போலப் பிழையைச் சுமக்கிறான், தோல் நன்றாக இருக்கிறது.

இன்றைக்கே என்ன வாங்கி வைக்க வேண்டும்?

ஊசி ஒரு பெட்டி, சிலிக்கான் வலைத்துணி, பஞ்சணை, சுற்றுத்துணி, கிருமி நீக்கிய கத்தரிக்கோல், வாசலின், கல்லுப்பு, சமையலறைத் தராசு. ராத்திரியில் நல்ல வெளிச்சம் தரும் தலைவிளக்கு ஒன்றும் வாங்குங்கள். கரன்ட் போகும் நேரம் பார்த்துத்தான் கொப்புளம் வரும்.